எஞ்சினுக்குக் காற்றும் பெட்ரோலும்: கலவையைச் சரியாக வைப்பது எப்படி?

நம் பகுதியில் கார், வேன், ஆட்டோ ஓட்டித்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. சொந்தத் தேவைக்காக ஒரு பழைய காரை வாங்கி வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. இவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்றுதான்: "வண்டி முன்னைப்போல இழுக்கவில்லை, பெட்ரோலும் அதிகமாகக் குடிக்கிறது." அதற்குக் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "டியூனிங் பண்ணிவிடலாம்."

டியூனிங் என்றால் எதைச் சரி செய்கிறார்கள்? எதைத் திருகுகிறார்கள்? இதை ஓரளவு தெரிந்துகொண்டால் பணம் மிஞ்சும், எஞ்சினும் நெடுநாள் உழைக்கும். மெக்கானிக் வேலை பழகும் நம் பிள்ளைகளுக்கும் இது ஒரு பாடமாக அமையும்.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு கார் நாளொன்றுக்கு 100 கி.மீ. ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்க வேண்டிய அந்தக் கார் 13 கி.மீ. மட்டும் கொடுத்தால், தினமும் ஏறத்தாழ ஒரு லிட்டர் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். மாதத்தில் 25 நாள் ஓடினால் 25 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று போட்டாலும் மாதம் 2,500 ரூபாய், வருடத்துக்கு 30,000 ரூபாய். ஒரு பிள்ளையின் படிப்புச் செலவுக்கு ஆகக்கூடிய பணம் சைலன்சர் வழியாகப் புகையாகப் போய்விடுகிறது. இது வீண் விரயம்.

இந்தப் பாடம் பெட்ரோல் வண்டிகளுக்கு உரியது. டீசல் எஞ்சின் வேலை செய்யும் முறை வேறு. அதை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எவ்வளவு காற்று தேவை?

பெட்ரோல் தனியாக எரியாது. காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்தால்தான் எரியும். 1 கிலோ பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். காற்றை நாம் நிறுத்துப் பார்ப்பதில்லை என்பதால் இதை லிட்டரில் சொல்வோம்: 1 லிட்டர் பெட்ரோல் எரிய சுமார் 9,000 லிட்டர் காற்று தேவை. வீட்டு மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டிகள் ஒன்பதில் அடங்கும் காற்று அது! அவ்வளவு காற்றும் ஒரு சிறிய ஏர் ஃபில்டர் வழியாகத்தான் உள்ளே போகிறது. ஃபில்டர் அடைத்தால் எஞ்சின் ஏன் திணறுகிறது என்பது இப்போது புரியும்.

இந்த 14.7க்கு 1 என்ற அளவைத்தான் சரியான கலவை என்கிறார்கள். இதைவிடப் பெட்ரோல் கூடினால் 'ரிச்', பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் 'லீன்'. பட்டறையில் காதில் விழும் இந்த இரண்டு சொற்களின் பொருள் இவ்வளவுதான்.

சமையலறைக் கேஸ் அடுப்பைப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். பர்னர் சுத்தமாக இருந்து காற்று சரியாகக் கலந்தால் சுடர் நீலமாக எரியும். காற்றுத் துளை அடைத்துக்கொண்டால் சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கும், கேஸும் சீக்கிரம் தீரும். காற்று மிகவும் கூடிவிட்டால் சுடர் பர்னரை விட்டு எழும்பித் துடிக்கும், சில நேரம் அணைந்தே போகும். எஞ்சினுக்குள் நடப்பதும் ஏறத்தாழ இதுதான். அங்கே சுடரை நம்மால் பார்க்க முடியாது, அதன் அடையாளங்களைத்தான் பார்க்க முடியும்.

எப்போதும் ஒரே கலவை போதாது

எஞ்சினுக்கு எல்லா நேரமும் 14.7 போதும் என்று எண்ணிவிடக் கூடாது. வேலைக்கு ஏற்ப அதன் தேவை மாறும்.

காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது பெட்ரோலின் ஒரு பகுதி ஆவியாகாமல் உள்சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். அதை ஈடுகட்டக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். பழைய கார்களில் சோக் இழுப்பது இதற்காகத்தான்.

ஆளும் சுமையும் ஏற்றி மேட்டில் முழு ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது 12.5 முதல் 13 வரையான ரிச் கலவையில்தான் அதிக சக்தி கிடைக்கும். கூடுதல் பெட்ரோல் உள்ளே சூட்டையும் கொஞ்சம் தணிக்கும்.

சமதளச் சாலையில் சீரான வேகத்தில் போகும்போது 15.5 அல்லது 16 வரை லீனாக ஓடினால் பெட்ரோல் மிச்சமாகும். அதையும் தாண்டி லீனாக்கினால் எஞ்சின் மிஸ் அடிக்கத் தொடங்கும், மிச்சமானதும் வீணாகிவிடும்.

ஆகவே "மைலேஜுக்காகப் பெட்ரோலைக் குறைத்து வை" என்றோ, "பிக்கப்புக்காகப் பெட்ரோலைக் கூட்டி வை" என்றோ கண்ணை மூடிக்கொண்டு சொல்வது தவறு. எந்த நேரத்தில் எவ்வளவு என்பதே கேள்வி.

அடையாளங்கள் என்ன?

கலவை ரிச்சாக இருந்தால்: சைலன்சரில் கரும்புகை வரும், குழாயின் உள்புறம் விரலில் ஒட்டும் கரி படியும். பெட்ரோல் வாடை அடிக்கும். சூடான எஞ்சின் நின்ற இடத்தில் குலுங்கும். பிளக்கைக் கழற்றினால் உலர்ந்த கருப்புத் தூள் படிந்திருக்கும். நாள்பட்டால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும். பிஸ்டன் ரிங் தேயும். ஆயிலில் பெட்ரோல் கலந்து அது நீர்த்துப்போகும்.

கலவை லீனாக இருந்தால்: ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் வண்டி ஒரு கணம் தயங்கிப் பிறகு எடுக்கும். காலை எடுக்கும்போது 'பட் பட்' என்று வெடிக்கலாம். எஞ்சின் வழக்கத்தைவிடச் சூடாகும். பிளக்கின் முனை வெளிறி வெள்ளையாக இருக்கும். சுமையோடு இதே நிலையில் நெடுந்தூரம் ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு கருகும், பிஸ்டனும் பாழாகலாம்.

சரியாக எரிந்த பிளக் வெளிர் பழுப்பு அல்லது சாம்பல் நிறமாக இருக்கும். பிளக் ஈரமாக, எண்ணெய்ப் பசையோடு கருத்திருந்தால் அது கலவைக் கோளாறு இல்லை. ரிங் அல்லது வால்வு சீல் வழியாக ஆயில் உள்ளே இறங்குகிறது என்று பொருள். அந்த வண்டிக்கு எவ்வளவு டியூனிங் செய்தாலும் பயன் இருக்காது.

ரிச், லீன் இரண்டிலும் நட்டம் உண்டு. ரிச் பையைக் கரைக்கும், லீன் எஞ்சினைக் கரைக்கும்.

திருகுவதற்கு முன் தேடுங்கள்

கலவை மாறிவிட்டது என்றால் அது ஏதோ ஒரு காரணத்தால் மாறியிருக்கிறது. அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் ஸ்க்ரூவைத் திருகினால் நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலுக்கு மட்டும் மாத்திரை கொடுப்பது போலாகும். எனவே ஸ்க்ரூவில் கை வைப்பது கடைசி வேலை. அதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள்:

1. ஏர் ஃபில்டர். கார்புரேட்டர் காரில் தூசி அடைத்த ஃபில்டர் கலவையை ரிச்சாக்கும். இன்ஜெக்ஷன் காரில் இழுவையைக் குறைக்கும். செம்மண் சாலையில் ஓடும் வண்டிக்குக் கையேட்டில் சொன்ன கி.மீ. வரை காத்திராமல் முன்னதாகவே மாற்ற வேண்டும். காற்று தாராளமாகப் போகட்டும் என்று ஃபில்டரையே கழற்றிவிடுவது பெருந்தவறு. உள்ளே போகும் தூசி சிலிண்டரை அரம்போல் அராவிவிடும்.

2. பிளக். இடைவெளி கையேட்டில் உள்ள அளவில் இருக்கிறதா, பீங்கான் விரிசல் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிளக் வயரையும் பாருங்கள்.

3. காற்றுக் கசிவு. கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் உள்ள கேஸ்கெட், இன்டேக் மேனிஃபோல்டு, வேக்குவம் குழாய்கள் ஆகியவற்றில் வெடிப்பு இருந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே புகும், கலவை லீனாகும். எஞ்சின் ஓடும்போது ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையைச் சந்தேகமான இடங்களுக்கு அருகே கொண்டுபோனால் 'உஸ்' என்ற சத்தம் கேட்கும். ஃபேனும் பெல்ட்டும் அருகில் ஓடும், கையும் துணியும் கவனம். கசிவு தேடப் பெட்ரோலையோ தீப்பற்றும் ஸ்பிரேயையோ சூடான எஞ்சின்மேல் அடிப்பது ஆபத்து.

4. வால்வு இடைவெளியும் இக்னிஷன் டைமிங்கும். இவை தவறாக இருந்தால் சரியான கலவைகூடச் சரியாக எரியாது.

5. பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது, கிளட்ச் வழுக்குவது, டயரில் காற்றுக் குறைவு. இவையும் இழுவையையும் மைலேஜையும் குறைக்கும். இதற்கெல்லாம் எஞ்சின்மேல் பழி போடக் கூடாது.

இத்தனையும் பார்த்த பிறகு, பல வண்டிகளில் ஸ்க்ரூவைத் தொட வேண்டிய தேவையே இருக்காது.

கார்புரேட்டர் கார்களுக்கு

மாருதி 800 கார் 1983 டிசம்பரில் வந்தது, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. 796 சிசி, மூன்று சிலிண்டர். அதன் தொடக்க கால வண்டிகள் கார்புரேட்டர் வண்டிகள், பிறகு வந்தவை இன்ஜெக்ஷன். இன்னும் சில வீடுகளில் அந்தப் பழைய கார்கள் ஓடுகின்றன. அவற்றையும் அவை போன்ற மற்ற வண்டிகளையும் மனதில் வைத்து இந்தப் பகுதியைச் சொல்கிறோம்.

கார்புரேட்டரில் பொதுவாக இரண்டு ஸ்க்ரூ இருக்கும். ஒன்று ஆக்சிலரேட்டர் தட்டைச் சற்றுத் திறந்து வைக்கும் ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூ. மற்றொன்று மிக்சர் ஸ்க்ரூ. பல கார் கார்புரேட்டர்களில் மிக்சர் ஸ்க்ரூவை உள்ளே இறுக்கினால் லீன், வெளியே தளர்த்தினால் ரிச். சில வண்டிகளில், குறிப்பாகச் சில மோட்டார் சைக்கிள்களில், அது காற்றைக் கட்டுப்படுத்தும் ஏர் ஸ்க்ரூவாக இருக்கும். அங்கே உள்ளே இறுக்கினால் ரிச். எது என்று தெரிந்துகொள்ளாமல் தொடக் கூடாது.

செய்முறை:

1. எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். சோக் முழுவதும் விடுபட்டிருக்க வேண்டும். ஏர் ஃபில்டர் மாட்டியே இருக்க வேண்டும். ஏசி, ஹெட்லைட் அணைந்திருக்க வேண்டும்.

2. எஞ்சினை நிறுத்திவிட்டு, மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகுங்கள். எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் பழைய நிலைக்குத் திரும்ப இந்த எண் உதவும். முட்டியவுடன் நிறுத்திவிடுங்கள். பலம் கொடுத்து இறுக்கினால் ஊசி முனை நசுங்கும், கார்புரேட்டரும் கெட்டுவிடும்.

3. பழைய சுற்று எண்ணிக்கைக்கே வெளியே எடுத்து எஞ்சினைக் கிளப்புங்கள். ஸ்லோ ஸ்பீடைக் கையேட்டில் சொன்ன அளவில் வையுங்கள்.

4. இப்போது மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்றுக் கால் சுற்றாக வெளியே தளர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் சில விநாடி பொறுங்கள். வேகம் கூடிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிற்கும், பிறகு குறையும். அதேபோல உள்ளே திருகிப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் எஞ்சின் அதிக வேகமாகவும் குலுங்காமலும் ஓடும் இடத்தைப் பிடியுங்கள்.

5. ஸ்லோ ஸ்பீடு கூடியிருக்கும். அதை மறுபடி குறையுங்கள். நான்காவது படியை இன்னொரு முறை செய்யுங்கள். கடைசியாக, வேகம் ஒரு பொடி குறையும் அளவுக்கு மட்டும் லீன் பக்கம் திருப்பி நிறுத்துங்கள்.

6. ஆக்சிலரேட்டரைச் சட்டென்று கொடுத்துப் பாருங்கள். தயங்காமல் எடுத்து, விட்டவுடன் அணையாமல் பழைய வேகத்துக்கு வர வேண்டும்.

இங்கே ஒரு முக்கியமான செய்தி. இந்த ஸ்க்ரூ வண்டி நின்ற இடத்தில் ஓடும்போதும், ஆக்சிலரேட்டர் சிறிதளவு திறந்திருக்கும்போதும்தான் வேலை செய்யும். நெடுஞ்சாலையில் 60, 70 வேகத்தில் போகும்போது பெட்ரோல் மெயின் ஜெட் வழியாக வருகிறது. அங்கே இந்த ஸ்க்ரூவுக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. "மைலேஜ் வரவில்லை" என்று இதை இறுக்கிக்கொண்டே போவதால் சிக்னலில் வண்டி அணையுமே தவிர, நெடுஞ்சாலை மைலேஜ் கூடாது. அங்கே குறை இருந்தால் ஜெட்டில் அழுக்கா, தேய்ந்துவிட்டதா, ஃப்ளோட் மட்டம் உயர்ந்து பெட்ரோல் வழிகிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்ஜெக்ஷன் கார்களுக்கு

இன்றைய பெட்ரோல் கார்களில் நாம் திருகுவதற்கு மிக்சர் ஸ்க்ரூ இல்லை. கம்ப்யூட்டர்தான் கணக்குப் போட்டு இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைத் தெளிக்கிறது. அது சரியாகச் செய்ததா என்று சொல்லும் சாட்சி, எக்ஸாஸ்ட் குழாயில் பொருத்தியிருக்கும் ஆக்சிஜன் சென்சார். 1976இல் வால்வோ கார்களில் முதன்முதலாக வந்த இந்தக் கருவி இன்று உலகம் முழுவதும் பரவிவிட்டது.

புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருந்தால் கலவை லீன் என்று சென்சார் சொல்லும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். ஆக்சிஜன் இல்லாவிட்டால் ரிச் என்று சொல்லும், பெட்ரோலைக் குறைக்கும். இப்படி விடாமல் கூட்டியும் குறைத்தும் கலவை 14.7க்கு அருகிலேயே நிற்கும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அந்தக் குறுகிய எல்லைக்குள்தான் முழுமையாக வேலை செய்யும்.

அப்படியானால் இன்ஜெக்ஷன் காரில் கலவை ஏன் கெடுகிறது? கம்ப்யூட்டருக்குத் தவறான தகவல் போவதால்தான். அடிக்கடி நேரும் சில காரணங்கள்:

பிளக் ஒன்று மிஸ் அடித்தால் அந்த சிலிண்டரின் காற்று எரியாமல் வெளியே வரும். சென்சார் அதிலுள்ள ஆக்சிஜனைப் பார்த்து "லீன்" என்று சொல்லும். கம்ப்யூட்டர் தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். குறைந்த விலை பிளக் ஒன்று நிறையப் பெட்ரோலை விழுங்குவது இப்படித்தான்.

சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் ஓட்டை இருந்தாலும் இதே கதை. வெளிக்காற்று உள்ளே கலந்து சென்சாரை ஏமாற்றும்.

"நம் ஊர் வெயிலுக்கு எதற்கு?" என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிடும் வழக்கம் இருக்கிறது. அதைக் கழற்றினால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வர நெடுநேரமாகும். எஞ்சின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று எண்ணி, கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டிருக்கும். தண்ணீர்ச் சூட்டை அளக்கும் சென்சார் கெட்டாலும் இதுவே நடக்கும். இரண்டும் பெரிய விலையுள்ள பொருள்கள் அல்ல.

ஆயில் மூடியும் டிப்ஸ்டிக்கும் சரியாக மூடாமல் இருப்பது, வேக்குவம் குழாய் கழன்றிருப்பது, த்ராட்டில் பாடியில் கரி படிவது, பெட்ரோல் ஃபில்டர் அடைப்பது, இன்ஜெக்டரில் அழுக்குச் சேர்வது ஆகியவையும் காரணங்கள்.

'செக் எஞ்சின்' விளக்கு எரிந்தால் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டி அணைத்துவிடுவது தீர்வாகாது. விளக்கு அணையும், கோளாறு அப்படியே இருக்கும். ஸ்கேனர் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பி0171 என்று வந்தால் கலவை லீன், பி0172 என்றால் ரிச். ஆனால் இந்த எண் எந்தப் பொருளை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை, எந்தப் பக்கம் தேட வேண்டும் என்றுதான் சொல்கிறது. லீன் என்று வந்தவுடன் விலை கூடிய ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிட்டு, பிறகு பத்து ரூபாய்க் குழாயில் வெடிப்பைக் கண்டுபிடிப்பது வீண் செலவு.

ஸ்கேனரில் 'ஃபியூயல் ட்ரிம்' என்று ஓர் அளவு தெரியும். கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதே அது. பொதுவாக 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. அதைத் தாண்டித் தொடர்ந்து நின்றால் காரணம் தேட வேண்டும்.

எத்தனாலும் மலைப்பாதையும்

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அது எரியக் காற்று குறைவாகப் போதும். சுத்தமான பெட்ரோலுக்கு 14.7 என்றால் 20 சதவீதக் கலப்புக்குச் சுமார் 13.5. ஆகவே பழைய பெட்ரோலுக்கு அமைத்த கார்புரேட்டர் வண்டி இதில் ஏறத்தாழ 8 சதவீதம் லீனாக ஓடும். இன்ஜெக்ஷன் வண்டி தானே ஓரளவு சரிசெய்துகொள்ளும். எத்தனாலில் சக்தி குறைவு என்பதால் இரண்டு வகை வண்டியிலும் மைலேஜ் சற்றுக் குறையும். அதற்காகக் கலவையை மேலும் லீனாக்குவது எஞ்சினுக்குக் கேடு. பழைய வண்டிகளில் பெட்ரோல் குழாய், ரப்பர் வாஷர்கள் உப்பியோ வெடித்தோ இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலை ஏறும்போது நிலைமை நேர்மாறு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே கார்புரேட்டர் வண்டி ரிச்சாக ஓடும், இழுவையும் குறையும். அது வண்டியின் கோளாறு அல்ல. அங்கே ஸ்க்ரூவை மாற்றிவிட்டு அப்படியே மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினால் சமவெளியில் வண்டி லீனாகிவிடும்.

கூடுதல் வேகம், கூடுதல் மைலேஜ் என்ற ஆசை

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சினின் சக்தியைத் தீர்மானிப்பது உள்ளே போகும் காற்றின் அளவு. பெட்ரோல் அந்தக் காற்றுக்கு ஏற்ப வர வேண்டியது. காற்றைக் கூட்டாமல் பெரிய ஜெட் மட்டும் போட்டால் வேகம் கூடாது, கரும்புகைதான் கூடும். சரியான கலவையில் ஓடும் எஞ்சினை முழு ஆக்சிலரேட்டரில் ரிச்சாக்கிப் பெறும் கூடுதல் சக்தி சில சதவீதம்தான். அதையும் பெரும்பாலான கார்களில் கம்ப்யூட்டர் தானே செய்துகொள்கிறது.

பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தம், சென்சாரை ஏமாற்றும் சிறு கருவி என்று விற்கப்படுபவற்றை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். காந்தம் பெட்ரோலை மாற்றுவதில்லை. ஏமாற்றப்பட்ட சென்சார் எஞ்சினைத்தான் கெடுக்கும்.

புகைச் சான்றிதழைப் படியுங்கள்

புகைப் பரிசோதனைச் சான்றிதழை வாங்கி அப்படியே மடித்து வைத்துவிடுகிறோம். அதில் உங்கள் எஞ்சினின் கலவை அச்சிடப்பட்டிருக்கிறது. கார்பன் மோனாக்சைடு அளவு கூடினால் கலவை ரிச். அது குறைவாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் கூடினால் ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கிறது. நின்ற இடத்தில் ஓடும்போது கார்பன் மோனாக்சைடுக்குப் பழங்கால கார்களுக்கு 3 சதவீதம் வரையும், பிஎஸ் 4 கார்களுக்கு 0.3 சதவீதம் வரையும்தான் அனுமதி. கார்புரேட்டரைச் சரிசெய்த பிறகு ஒரு முறை இந்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோனால் காதால் கேட்டுச் செய்த வேலைக்குக் கருவியின் சாட்சியும் கிடைக்கும்.

இந்தக் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும் வாயு. நிறம் இல்லை, மணம் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், வாந்தி என்று தொடங்கி, உணர்வு போய்விடும். ஆகவே ஷட்டர் இறக்கிய கடையிலோ, மூடிய கார் நிறுத்தத்திலோ எஞ்சினை ஓடவிட்டு வேலை பார்க்கக் கூடாது. மழை நேரத்திலும் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். நிறுத்திய காரில் எஞ்சினையும் ஏசியையும் போட்டுப் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் போகாதீர்கள். வண்டிக்குள் புகை வாடை வந்தால் அன்றே சைலன்சரைப் பாருங்கள்.

பட்டறைக்குப் போகும்போது

வேலை பழகும் தம்பிகளே, ஒருவர் நம்பி விட்டுப் போகும் வண்டி உங்கள் கையில் ஓர் அமானிதம். திருகுவதற்கு முன் இருந்த நிலையைக் குறித்து வையுங்கள். எதை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று வண்டிக்காரருக்குச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பொருளைக் காட்டுங்கள்.

வண்டி வைத்திருப்பவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கத் தயங்க வேண்டாம்: பிளக் எப்படி இருந்தது? காற்றுக் கசிவு பார்த்தீர்களா? ஸ்கேனர் என்ன காட்டியது? நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளை மகிழ்ச்சியோடு வரவேற்பார்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு பயிற்சியும் இருக்கிறது. ஒரே பங்கில், குழாய் தானாக நிற்கும் வரை டேங்கை நிரப்பி கி.மீ. எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 200, 300 கி.மீ. ஓடிய பிறகு அதே பங்கில் அதேபோல நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ் கிடைக்கும். இதை மாதம் ஒரு முறை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். கணக்குப் போடும் வேலையைப் பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் கொடுங்கள். ஒரு மாதம் எண் திடீரென்று குறைந்தால், வண்டி நடுவழியில் நிற்பதற்கு முன்பே உங்களுக்குச் செய்தி வந்துவிட்டது. அன்று ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள்.